ரெண்டு பிஸ்கட் அளவு

நாகலாபுரம் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் ஆஸ்பத்திரிச் சீட்டோடு இருந்தார்கள். அந்த அம்மா பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பி வாசித்தார்.

“இந்த நாலு கிராம் சீனி ரெண்டே ரெண்டு பிஸ்கட்டுக்குத்தான் போட்டிருக்கு.”

“முழு பாக்கெட்டுக்கும்னுல்லா நெனச்சேன்!”

“அதான் தெனம் ஒரு பாக்கெட்டு தின்னீங்களோ? சுகர் ஏறாம என்ன செய்யும்?”

“ரெண்டோட எவன் நிறுத்துவான்?”

கணவர் வெளியே கரிசல் காட்டைப் பார்க்கத் திரும்பினார்.

“நாளையிலேருந்து ஊசின்னுட்டாரு டாக்டரு. நீயாவது முன்னாலயே வாசிச்சிருக்கக் கூடாதாட்டி?”

“காப்பிக்குக்கூடச் சீனிய விட்டுட்டீங்க. இதையாவது ஆசையா திங்குதீங்களேன்னு இருந்துட்டேன்.”

கணவர் தன் மேல்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“பயப்படாதீங்க. நர்சம்மாகிட்ட ஊசி போடப் படிச்சிட்டுத்தான் வாரேன்.”