தேர் நகராத நாளில் பதிந்த கோடு

இன்று காலை வரை உறுதியானது இது: எல்கடுவைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளரின் வரிசை வீடுகளான நாலாம் லயம் முழுவதும் மண்ணுக்குள் இருக்கிறது. அதில் குடியிருந்தவர்களில் எவரும் சரிவில் இறக்கவில்லை, காயப்படவும் இல்லை. ஆட்களை ஒவ்வொருவராக நேரில் பார்த்தபின் கிராம சேவகர் இதை என்னிடம் சொன்னார்.

என் பெயர் சின்னத்தம்பி தவமணிதேவி. வயது 43. பிறந்த இடம் சாவகச்சேரி. தற்போது மாத்தளை, திருகோணமலை வீதியில் வாடகை வீட்டில் வசிக்கிறேன். திருமணமாகவில்லை. 1979 முதல் அத்தோட்டத்திலுள்ள மண்சரிவு அவதான நிலையத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கிறேன். என்னுடன் வேலைசெய்யும் மீராலெப்பை யாகூப் மலையை வெடிவைத்துச் சரித்தார் என்ற சந்தேகத்தில் தடுத்து வைக்கப்பட்டிருப்பது தொடர்பாக அழைக்கப்பட்டு, இன்று 1986 ஜனவரி 29ஆம் திகதி இப்பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். அவருடைய மனைவி ஸரீனாவும் என்னுடன் வந்து வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். எனக்குச் சிங்களம் தெரியும். ஆயினும் தமிழில் பதியும்படி கேட்டேன், அதிகாரி இணங்கினார்.

என் வேலை பின்வருமாறு. நாலாம் லயத்துக்கு மேலுள்ள சரிவில், நிலத்தின் அசைவை உணரும் கருவிகள் சிறிய பெட்டிகளில் புதைக்கப்பட்டுள்ளன. அவற்றிலிருந்து கம்பி வழியே வரும் அசைவை, தொழிற்சாலைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் அறையில், உருளையில் சுற்றிய காகிதத்தில் ஒரு பேனா கோடாக வரையும். ஒவ்வொரு கோடும் எதனால் வந்தது என்று வகைப்படுத்தி எழுதுவது நான். கருவிகளைப் புதைப்பது, கம்பி இழுப்பது, பற்றறி மாற்றுவது, ஜீப் ஓட்டுவது யாகூப். சரிவில் கிடைத்ததாக எனக்குக் காட்டப்பட்ட பெட்டி, கம்பி, பற்றறி மூன்றும் எங்களுடையவை.

தொடக்கத்தில் எந்தக் கோடு எதனுடையது என்று எங்களுக்குத் தெரியாது. பாடப் புத்தகத்தில் பூமியதிர்ச்சி மட்டும் இருந்தது. ஆகவே யாகூப் ஜீப்பில் போய் ஒவ்வொன்றையும் பார்த்து வருவார், நான் எழுதிக்கொள்வேன். கல்லுடைக்கும் இடத்து வெடி ஊசிபோல் நிமிரும், அதன் தொடக்கம் கத்தியால் வெட்டினாற்போல் இருக்கும். பஸ் வந்தால் குறுகிய நடுக்கம். கொழுந்துக் கூடையுடன் பெண்கள் வரிசையாக இறங்கினால் மெல்லிய தையல்போல் ஒரு கோடு. மழையின் ஓயாத நடுக்கத்துக்கு யாகூப் வைத்த பெயர் ஸரீனா. “தொடங்கினா நிப்பாட்டவே மாட்டா மிஸ்” என்றார். மறுமுறை ஸரீனா பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டுவந்தபோது நான் அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன், யாகூபுக்கு அன்று வட்டிலப்பம் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் நாங்கள் அதிகம் சிரித்தோம்.

மண் சரியும்போது வரும் கோட்டுக்குத் தொடக்கம் என்று ஒன்று இராது. எங்கே ஆரம்பித்தது என்று விரல் வைக்க முடியாமல் மெல்ல எழும்பி, நடுவில் பருத்து, மெல்ல அடங்கும். எங்கள் ஊர்ச் சுருட்டு ஒன்றைப் படுக்கவைத்ததுபோல் இருக்கும். இதே வடிவில் வேறொன்றும் வரும். அது தைப்பூசத்தன்று தோட்டத்துக் கோயில் தேர் லயத்தடிப் பாதையால் உருளும்போது வருவது. அதற்குத் ‘தே’ என்று எழுதுவோம். 1980ஆம் ஆண்டுத் தேர்க்கோடு விரலளவு தடிப்பு. மாத்தளையிலிருந்தும் நாவுலையிலிருந்தும் வந்து வடம் பிடித்தார்கள். எங்கள் நிலையத்தடியில் தேர் நிற்கும், பொங்கலும் பானகமும் தருவார்கள், யாகூபும் பக்கத்தில் நின்று வாழைப்பழம் வாங்குவார். 1984ஆம் ஆண்டுத் தேர்க்கோடு நூலளவு. அதற்கு முந்திய ஆடி மாதக் கலவரத்தில் நான் நிலையத்துக்குப் போக முடியாமல் யாகூபின் வீட்டில் இருந்தேன், அந்நாட்களில் காகிதம் மாற்றியவர் அவரே. அந்தச் சுருள்களில் பஸ் இல்லை, கொழுந்து இல்லை. அவ்வளவு சுத்தமான காகிதத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

கடந்த தைப்பூசத்தன்று போயா எனும் பூரணை விடுமுறை. இருந்தும் தொடர் மழை காரணமாக நாங்கள் இருவரும் நிலையத்தில் இருந்தோம். முற்பகலில் காகிதத்தில் ஒரு சுருட்டுக் கோடு வந்தது. யாகூப் எட்டிப் பார்த்து, “தேரு வெளிக்கிட்டிரிச்சி மிஸ். பொங்கல் வருது” என்றார். நானும் ‘தே’ என்று எழுதினேன். அதன் பின் வெகுநேரமாகியும் மேளச் சத்தம் கேட்கவில்லை. எங்கள் அறையிலிருந்து கோயில் தெரியாது. ஆகவே தோட்டத்துத் தொலைபேசியில் கிளாக்கர் இராசலிங்கத்தை அழைத்தேன்.

“தேர் எங்கை? எங்கட பொங்கல் இன்னும் வரேல்லை” என்றேன்.

“பொங்கலா? தேரே வரல மிஸ். நாலாம் லயத்து ராசம்மா வெள்ளன செத்துப்போயிட்டாங்க. பொணத்த எடுக்காம தேர எப்படிங்க நகத்துறது?”

“ஒரு அடியும் நகரேல்லையோ?”

“வடமே கட்டல. கோயில் வாசல்ல சும்மா நிக்குது.”

லயத்தில் உடல் கிடக்கும்வரை கோயில் காரியம் எதுவும் நடவாது என்பது அங்குள்ள வழக்கம். ஆகவே அந்தக் கோடு தேருடையதாக இருக்க முடியாது. ‘தே’ என்பதை வெட்டி ‘சரிவு’ என்று எழுதினேன். பின்னர் எவரோ திருத்தியதாக நினைக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அதன் பின் அதே வடிவில் இன்னும் இரண்டு கோடுகள் வந்தன. ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பருமன். கண்டியிலுள்ள மேலதிகாரிக்கு அழைத்தேன். மணி அடித்தது, விடுமுறையாதலால் எவரும் எடுக்கவில்லை. அதன் பின் நான் யாகூபிடம், லயத்திலுள்ளவர்களை உடனே வெளியேற்றும்படி சொன்னேன். அவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். பேனாவைப் பார்க்க ஆள் வேண்டும் என்பதால் நான் போகவில்லை.

லயத்தில் நடந்ததை நான் காணவில்லை. அங்கு குடியிருந்த காத்தாயி எனக்குச் சொன்னபடி சொல்கிறேன். உடலை விட்டுவிட்டு வர எவரும் சம்மதிக்கவில்லை. காத்தாயியே யாகூபின் முன்னால் வந்து, “என்னா நானா, பொணத்தப் போட்டுட்டு ஓடச் சொல்றீங்களா? பொட்டி பொதச்ச நாள்லேருந்து மல வுழும் வுழும்ங்கிறீங்க. எம்புருசன் குடிச்சிட்டு வுழுறதத்தான் நாங்க பாக்குறோம்” என்றார். யாகூப், “போட்டுட்டு வர வாணாம். தூக்கிட்டு வாங்க. எல்லாரும் கூடவே வாங்க, பொம்புளைங்களும்” என்றார். பெண்கள் மயானத்துக்கு வருவதில்லை என்று சொல்ல, “பெரட்டுக்களம் வரைக்கும் வாங்க. அங்கன வெச்சு அழுங்க” என்றார். அது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் மைதானம், லயத்துக்கு அப்பால் உள்ளது. இதற்கு மறுப்பு இருக்கவில்லை. பாடைக்கு ஆள் போதாததால் அவரும் ஒரு முனையைப் பிடித்தார். நடக்க முடியாதவர்களை ஜீப்பில் ஏற்றினார்கள். லயத்தடிப் பாதையின் வளைவு கடந்ததும், இறந்தவரின் மகன் வழக்கப்படி சீனவெடிக் கட்டுகள் இரண்டைக் கொளுத்தினார்.

வெடிச் சத்தம் கேட்டதாகவும் அதன் பின் மலை இறங்கியதாகவும் தோட்டத்து உதவி முகாமையாளரான சின்னத்துரை முறைப்பாட்டில் சொல்லியிருப்பதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அவர் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. அவர் கேட்டது அந்தச் சீனவெடியை. அது காகிதத்திலும் மிகச் சிறிய ஊசிகளாகத் தெரிகிறது. அதன் பின் ஓர் இடைவெளி. அதன் பின்னரே பெரிய கோடு தொடங்குகிறது, அதற்கு ஊசிமுனை இல்லை. மலையை அசைக்கக்கூடிய வெடி அங்கே வைக்கப்பட்டிருந்தால் பேனா முதலில் துள்ளியிருக்கும். அது துள்ளவில்லை, எழும்பிக்கொண்டே போய்க் காகிதத்தின் இரு ஓரங்களையும் தொட்டது. அதன் பின் நேர்கோடு. கம்பி அறுந்தால் நேர்கோடு வரும்.

அந்த நேர்கோட்டின் முன் நான் இருந்தேன். எதிரே யாகூபின் தேநீர்க் கோப்பை இருந்தது. அவர் லயத்தில் நிற்கிறாரா வளைவைக் கடந்துவிட்டாரா என்று காகிதத்தில் பார்க்க வழியில்லை. தொலைபேசியும் செத்துவிட்டது. அதன் பின் ஜீப்பின் சத்தம் கேட்டது. அவர் உடம்பெல்லாம் சேறாக உள்ளே வந்து, “மிஸ், காகிதத்த மாத்தல்லையா?” என்று கேட்டார். நான் மாற்றினேன்.

மறுநாள் காலை, எஞ்சிய கருவிகளை எடுத்துவர அவரைச் சரிவுக்கு அனுப்பியதும் நானே. அங்கு பெட்டியும் கம்பியுமாக நின்றவரை இராணுவத்தினர் பிடித்ததாகப் பின்னர் அறிந்தேன்.

லயத்தை முன்கூட்டியே காலி செய்வித்ததால், மலை இறங்கும் என்பது யாகூபுக்குத் தெரிந்திருந்ததா என்று அதிகாரி கேட்டார். தெரிந்திருந்தது என்றேன். “சந்தேகநபர் முன்கூட்டியே அறிந்திருந்தார்” என்று அவர் எழுதினார். அப்படி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். யாகூப் முதலில் அதைத் தேர் என்றே நினைத்தார். அது தேரல்ல என்று முதலில் அறிந்தவள் நான். நான் சொல்லியே அவர் அறிந்தார், நான் அனுப்பியே அவர் போனார். முன்கூட்டி அறிந்தது குற்றமானால் என் பெயர் அவருடைய பெயருக்கு முன்னால் வர வேண்டும். இவ்வாறு பதிவது எனக்குப் பாதகமாகலாம் என்று அதிகாரி இரண்டு தடவை எச்சரித்தார். “தெரியும், எழுதுங்கோ” என்றேன். முந்திய வரி வெட்டப்பட்டு மேற்கண்டவாறு எழுதப்பட்டது. வெட்டின் பக்கத்தில் ஒப்பமிட்டேன்.

காகிதச் சுருள் நேற்றுக் கொழும்புக்கு அனுப்பப்பட்டது. அந்தக் கோடு வெடியா சரிவா என்ற நிபுணரின் கருத்து பெப்ரவரி 3ஆம் திகதி, திங்கட்கிழமை எதிர்பார்க்கப்படுகிறது. யாகூபை 5ஆம் திகதி, புதன்கிழமை நீதவான் முன் கொண்டுவருவார்கள் என்று அதிகாரி சொன்னார். அன்று அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் நான் நீதிமன்றத்தில் இருப்பேன்.

பதிந்ததை நானே வாசித்தேன். நான் கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் இதில் சொல்லியிருக்கிறேன். இதில் பொய் இல்லை என அறிந்து ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) சி. தவமணிதேவி