மிச்சம் இருந்த வார்த்தை

— நல்ல கால்ல எதுக்கும்மா பேனாவால அம்புக்குறி போட்டிருக்கு? அழுகிப் போனது இடது கால்தானே?

— கத்தாதேடி. அழிச்சு விடறேன்னு சிஸ்டர் சொல்லியிருக்கு. ஸ்பிரிட் எடுக்கப் போயிருக்கு.

— யார் போட்டது இதை?

— சின்ன டாக்டர். நான் மத்தியானம் சாப்பாடு வாங்கப் போன நேரம் பாத்து வந்திருக்கார். ரெண்டு காலும் போர்வைக்குள்ள. எந்தக் கால் பெரியவரேன்னு கேட்டாராம். உங்கப்பா ரைட்டுன்னாராம். அவர் பாட்டுக்குத் தொடையில அம்பு ஒண்ணை வரைஞ்சிட்டுப் போயிட்டார்.

— பக்கவாதம் வந்து ரெண்டு வருஷமா வாயில அந்த ஒரு வார்த்தைதான் இருக்குன்னு அவருக்கு யாரும் சொல்லலையா?

— சீட்டுல எழுதித்தான் இருக்கு. படிச்சாத்தானே? பக்கத்துக் கட்டில்காரம்மா சிரிச்சு உருண்டுச்சு. நான் ஓடிப் போய் சிஸ்டரைக் கூட்டிட்டு வந்தேன்.

— ரைட்.

— பாத்தியா, நீ வந்ததுல அவருக்குச் சந்தோஷம்.

— இப்பச் சொன்னது சந்தோஷமா?

— கடைசியில ஒரு இழுப்பு இழுத்தார் பாரு. அது சந்தோஷம். சட்டுன்னு வெட்டினா தண்ணி. ரெண்டு தடவை சேத்துச் சொன்னா புரட்டிப் படுக்க வைக்கணும். மூக்கால சொன்னா ஃபேனை நிறுத்தணும்.

— ரைட். ரைட்.

— இதோ, சொன்னேன்ல? அந்தப் பக்கம் தோளைப் பிடி. வலிக்காம. ஒண்ணு, ரெண்டு...

— ரைட்!

— அம்மா, விடு, விடு. புரட்ட வேண்டாம்னு சொல்றார் போலிருக்கு.

— வலியில சொல்றார். வாரத்துக்கு ஒரு நாள் வந்து போறவ எனக்கு அர்த்தம் சொல்றியா?

— ஸ்பிரிட் கொண்டு வந்துட்டேன், அம்பை அழிச்சு விடறேன். ஏங்கம்மா, காலை எடுக்க நான் கொடுத்த சம்மத ஃபாரம் என்னாச்சு? இன்னும் மேஜை மேலயே கிடக்கு.

— தர்றேன் சிஸ்டர். காலையிலேயே கேட்டுட்டேன். ரைட்டுன்னுட்டார்.

— நாலு மணிக்குப் பெரிய டாக்டர் நாளைக்கான லிஸ்ட் போடுவார், சரிங்களா. அதுல பேர் ஏறலைன்னா அடுத்த ஆபரேஷன் வெள்ளிக்கிழமைதான். வெள்ளிக்கிழமை வரைக்கும் இந்தக் கால் உடம்பை விட்டு வைக்காதுன்னு அவரே சொல்லிட்டார். பேஷண்ட்டுக்கு நினைவு இருக்கு, சொல்றது புரியுது. அதனால அவர் கைரேகை வேணும், அதை நான் வாங்கிக்கிறேன். அவர் சம்மதிச்சதைக் கண்ணால பாத்தோம்னு வீட்டு ஆளுங்க ரெண்டு பேர் கையெழுத்து வேணும். நீங்க ஒண்ணு. இவங்க?

— மக.

— அப்ப வேலை முடிஞ்சுது. ரெண்டு பேரும் போட்டுக் கொடுங்க.

— அவர் சம்மதிச்சதை நான் பாக்கலையே சிஸ்டர்.

— அது உங்களுக்குள்ள பேசிக்கிறது. நாலு மணி, சரிங்களா.

— எந்திரி. வராந்தாவுக்கு வா. அவருக்குப் போனது வாய்தான், காது இல்லை.

— எனக்கும் அதான் பயமா இருக்கும்மா. எல்லாம் கேக்குது அவருக்கு.

— இந்த பெஞ்சுல உக்காரு. சொல்லு. எதுக்கு சிஸ்டர் முன்னாடி மானத்தை வாங்கறே?

— நான் கோர்ட்ல டைப் அடிக்கிறவ. சாட்சி சொன்னதைத்தான் அடிப்பேன், நினைச்சதை அடிக்க மாட்டேன். ரைட்டுன்னார், அதை அடிக்கலாம். சம்மதிச்சார்னு எப்படி அடிக்கிறது?

— ரைட்டுன்னா சரின்னு சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும்.

— எது சரி? முப்பத்தொரு வருஷம் கிடங்கு வாசல்ல லாரிக்குப் பின்னாடி நின்னு கத்தினார். வா, வா, ரைட்டு. அது வண்டிக்கு. போனை எடுத்தாலும் ரைட்டு, வைக்கிறப்பவும் ரைட்டு. நான் பரீட்சையில ஃபெயிலாகி வந்து நின்னப்ப ரைட்டுன்னார், மூணு நாள் எனக்குச் சோறு இறங்கலை. உன் அண்ணன் செத்த சேதி வந்தப்பவும் ரைட்டுன்னுட்டுத்தான் சட்டையை மாட்டினார்.

— ஆமா, வாய்க்கு வேற வேலையே இல்லை அந்த மனுஷனுக்கு. நல்லா இருக்கும்போதே அரைக்கால் பேச்சுதான்.

— நான் கல்யாணத்தைச் சொன்ன அன்னைக்கு?

— அந்தப் பேச்சு இப்ப எதுக்கு?

— சொல்லு. நானும் என் வீட்டுக்காரரும் கூடத்துல நின்னுக்கிட்டிருந்தோம். அப்பா அவரை ஏற இறங்கப் பாத்தார். ரைட்டு, அப்படின்னார். ஒரே ஒரு தடவை. உள்ள போய்க் கதவைச் சாத்தினார். எட்டு வருஷம் அந்தக் கதவு திறக்கலை. அந்த ரைட்டுக்கு அர்த்தம் சரியாம்மா?

— என்னத்தைச் சொல்ல. இல்லைதான்.

— அதே வாய்தானே இது?

— அந்த மனுஷன் வேற, இவர் வேற. அவருக்குக் கோபம் இருந்துச்சு. இவருக்குப் பசி, தூக்கம், வலி, அவ்வளவுதான்.

— கிடங்குல ஒருத்தருக்குச் சக்கரத்துல மாட்டிக் காலை எடுத்தாங்களே, நினைவிருக்கா? அப்பா பாத்துட்டு வந்து தட்டைத் தள்ளி வச்சார். எனக்கு இப்படி வந்தா அறுக்க விடாதீங்க, நான் போய்ச் சேர்றேன்னு சொன்னார். அவர் ஒரே மூச்சுல அத்தனை வார்த்தை பேசி அன்னைக்குத்தான் கேட்டேன்.

— கால் நல்லா இருக்கிற வரைக்கும் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.

— அப்ப இன்னொரு தடவை கேப்போம். மாத்திச் சொன்னார்னா நானே முதல் கையெழுத்துப் போடறேன்.

— எத்தனை தடவை கேட்டாலும் ரைட்டுதான் வரும்.

— வாயால வேண்டாம். வர்றப்பக் கீழ பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாவைப் பாத்தேன்.

— எதுக்கு அவங்களைப் போய்ப் பாத்தே?

— அவங்களா வந்து பேசினாங்க. அட்டையெல்லாம் நல்லாப் பயன்படுதான்னு கேட்டாங்க. எந்த அட்டைன்னு முழிச்சேன். வேணும்னா பச்சை, வேண்டாம்னா சிவப்பு, விரல் வச்சுக் காட்டணும். ஒண்ணரை வருஷத்துக்கு முன்னாடி உன் கையில கொடுத்து அனுப்பினாங்களாம். வாய் தன் இஷ்டத்துக்கு உளறும், விரல் உளறாது, உங்கப்பா ரொம்பத் தெளிவுன்னாங்க. எங்கம்மா அது?

— எங்கயோ போச்சு. வீடு மாத்தினப்ப.

— நீ வீடே மாத்தலையேம்மா.

— வெள்ளை அடிச்சப்ப.

— அம்மா.

— பீரோ மேல இருக்கு. பெட்ஷீட்டுக்கு அடியில.

— அறிவு இருக்கா உனக்கு? ஒண்ணரை வருஷம் ஒரு மனுஷன் வேணும் வேண்டாம்னு சொல்ல வழி இருந்தும், அதைத் தூக்கி பீரோ மேல வச்சுட்டு, இழுத்துச் சொன்னா சந்தோஷம், மூக்கால சொன்னா ஃபேன்னு நீயா அகராதி எழுதிக்கிட்டிருந்தியா?

— பாதி சரியாத்தான் இருக்கும்.

— பாதி!

— நீ இருந்து பாரு, தெரியும். நாள் முழுக்க அந்த ஒரு சத்தத்தைக் கேட்டுக்கிட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஓடி ஓடி... அதுக்கு ஒரு அர்த்தம் வச்சுக்கலைன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும்.

— அதுக்குத்தானே அட்டை கொடுத்தாங்க?

— காட்டினேன். ஒரே ஒரு நாள் காட்டினேன்.

— எப்ப?

— விடு.

— விட மாட்டேன். மணி மூணே கால். நான் போய் எடுத்துட்டு வந்து அவர் முன்னாடி வைக்கத்தான் போறேன். அவர் பச்சையைத் தொட்டா அறுக்கட்டும். சிவப்பைத் தொட்டா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம். வாய் போன மனுஷன்மா. அவரா ஒரு முடிவு சொல்ல வேண்டாமா?

— வேண்டாம்டி. சொன்னாக் கேளு. அட்டையை எடுக்காதே.

— ஏன்?

— நான் காட்டினது, எட்டு வருஷம் கழிச்சு நீ வீட்டுக்கு வந்தியே, அதுக்கு முந்தின நாள்.

— போன் பண்ணினியே, அன்னைக்கா? அப்பா உன்னைக் கேக்கறார், வந்துடுன்னு?

— ம்.

— அட்டையை வச்சு என்ன கேட்டே?

— மகளை வரச் சொல்லட்டுமான்னு கேட்டேன்.

— ரைட்டுன்னார்னு சொன்னியே போன்ல.

— வாய் ரைட்டுன்னுச்சு. அது பொய் இல்லை.

— விரல்?

— நீ டீ குடிச்சியா? முகமெல்லாம் வெளுத்துப் போச்சு.

— விரல் எதைத் தொட்டுச்சும்மா?

— சிவப்பை.

— கை நடுங்கித் தப்பாப் பட்டிருக்கும்.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். திருப்பிக் கேட்டேன். அட்டையை இடம் மாத்தி வச்சும் கேட்டேன். விரல் தேடிக்கிட்டுப் போச்சு. மூணு தடவையும் வாய் ரைட்டு, மூணு தடவையும் விரல் சிவப்பு. அப்புறம் அட்டையைக் கட்டி மேல போட்டுட்டு, வாய் சொன்னதை உனக்குச் சொன்னேன்.

— ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்து அவருக்குச் சவரம் பண்ணி விட்டேன். மக கை பட்டா சுகமா இருக்குன்றார்னு சொன்னியே?

— ரைட்டுன்னார்.

— என் பிள்ளையை மடியில வச்சப்ப அழுதாரே?

— அந்த அழுகைக்கு நான் அர்த்தம் சொல்லலை. நீயாத்தான் சொல்லிக்கிட்டே.

— அம்மா...

— எனக்கு நீ வேணும்டி. எட்டு வருஷம் உன்னைப் பாக்காம இருந்தேன். அந்த மனுஷனுக்குப் பேச்சு போன மறுநாளே தோணுச்சு, இனி யார் தடுக்கிறதுன்னு. பாவி நான். அப்படித்தான் தோணுச்சு. ஆனா இப்ப அவரும் வேணும். கால் இல்லாட்டிப் போகுது, ஆள் வேணும்.

— தண்ணி இருந்தாக் கொடு.

— இந்தா. போறதுன்னா இப்பவே கிளம்பு. வண்டி பிடிச்சா நாலு மணிக்குள்ள வந்துடலாம். இதான் வீட்டுச் சாவி. நீ சொல்றதுதான் நியாயம், அவர் வாழ்க்கை அவர் சொல்லட்டும். காலைப் பத்திக் கேளு. உனக்கு வேற ஏதாவது கேக்கணும்னாலும் கேளு. நான் பக்கத்துல கூட நிக்க மாட்டேன்.

— இந்தா, டம்ளரைப் பிடி.

— என்னடி, சாவியை வாங்கு.

— ஏங்க, இன்னும் இங்கயே உக்காந்திருக்கீங்களா? பெரிய டாக்டர் சீக்கிரமே வந்துட்டார், லிஸ்ட் கேக்கறார். கேட்டீங்களா இல்லையா பேஷண்ட்டை?

— கேட்டாச்சு சிஸ்டர். அப்பா சம்மதிச்சுட்டார், நான் கண்ணால பாத்தேன். பேனாவைக் கொடுங்க.