பாலைவனத்தில் ஒரு கதிரை

— பாத்தீங்களேப்பா, என்ர தங்கச்சி தக்ஷிகா திரும்பவும் படம் போட்டிருக்கிறாள். அரிசோனாப் பாலைவனமாம். முப்பது படம்!

— தர்சினி, நீர் முதல் அந்த ஃபோனை வைச்சுப்போட்டுச் சோத்தைப் போடும்.

— சோறு எங்கயும் ஓடாது. இஞ்ச பாருங்கோ, கட்டில், சமைக்கிற குசினி எல்லாம் உள்ளுக்கயே இருக்கிற வான் வண்டி. நிப்பாட்டுற இடத்திலயே கரண்டும் தண்ணியுமாம். தக்ஷிகா கள்ளிச் செடிக்குப் பக்கத்தில இருந்து புட்டுச் சாப்பிடுறாள்.

— பாலைவனத்திலயும் புட்டோ?

— கதையை மாத்தாதேங்கோ. அங்க தோய்ச்சுப் போட்ட உடுப்புப் பத்து நிமிசத்தில காயுதாம். நான் இஞ்ச சுவிஸில, பாசலில, கீழ எல்லாருக்கும் பொதுவான தோய்க்கிற மெஷின் முறை வர ரெண்டு கிழமை காத்திருக்கிறன். எனக்குப் பத்தி எரியுது. ஓம், ஒளிக்கேல்லை, பொறாமைதான்.

— கூடப்பிறந்தவளிலயோ?

— கூடப்பிறந்தவளிலதான் கூட எரியும். வேற ஆர் போனால் எனக்கென்ன? அவளின்ர மனுசன் கோபிசனைப் பாருங்கோ, மனுசிக்கு நிண்டு நிண்டு படம் எடுத்துக் குடுக்குது. நீங்கள் என்னைக் கட்டின பன்ரண்டு வருசமா ஒரே பல்லவி, முதலாளி செஃப் லீவு தரமாட்டாராம்.

— தரமாட்டார்தானே. பேக்கரியில ஆளில்லை.

— உங்களோட நான் கடைசியாப் போன தூரப் பயணம் பேர்ண் கோயில். அதுவும் பின்னேரமே திரும்பியாச்சு.

— சரி, அடுத்த வருசம் கேட்டுப் பாப்பம்.

— பாப்பமாம்! பொறுங்கோ, இதென்ன? வானுக்கு முன்னால இருக்கிறதுக்கு ஒரேயொரு கதிரைதான் கிடக்கு. கயித்தில காயிறதும் அவளின்ர உடுப்பு மட்டும். கோபிசன்ர ஒரு சாரம் கூட இல்லையே? ஏன் முழுசுறீங்கள்?

— சொல்லாதேங்கோ அண்ணை எண்டவன்.

— ஆர்?

— கோபிசன்தான். இண்டைக்குக் காலமை ட்ராமில எனக்குப் பக்கத்தில இருந்துதான் வேலைக்குப் போனவன்.

— என்ன விசர்க் கதை! அவர் அரிசோனாவிலயெல்லே?

— அவனுக்கும் லீவு கிடைக்கேல்லை. தக்ஷிகா, அப்ப நான் போறன் எண்டு வெளிக்கிட்டிட்டாள். ஃபோனை ஸ்டாண்டில வைச்சு அவளேதான் படம் எடுக்கிறாள். சனம் கதைக்கும் எண்டுதான் ‘நாங்கள் ரெண்டு பேரும்’ எண்டு போடுறது.

— தனியவோ? அவ்வளவு பெரிய வானை அவளே ஓட்டிக்கொண்டோ?

— ஓம். பாவம், என்ன?

— பாவமோ! இவ்வளவு நேரமும் எரிஞ்சது ஒண்டுமில்லையப்பா, இப்பதான் எனக்கு உண்மையா எரியுது. அடுத்த வருசம் நீங்கள் லீவு கேக்க வேண்டாம்.