பாட்டு நின்ற பிறகு

அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால்தான் இந்த வேலை எனக்குப் பிடித்தது. வேதியியல் படித்தவளுக்கு யாங்கோனில் வேறு வேலையும் கிடைக்கவில்லை. இன்சீனில் உள்ள எங்கள் நிலையத்துக்குப் போதை ஊசி போட்டுக்கொள்பவர்கள் வருவார்கள். பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுப்பேன். அவ்வளவுதான்.

பயிற்சியில் ஒரு வெளிநாட்டுப் படம் காட்டினார்கள். அங்கே அவர்கள் ஊசி போட்டுக்கொள்ள அரசாங்கமே அறை கட்டிக் கொடுத்திருக்கிறது. நல்ல வெளிச்சம், நாற்காலிகள், பக்கத்திலேயே ஒரு நர்ஸ். எங்களுக்கு அனுமதி இல்லை. ஒரு குளியலறை மட்டும் இருந்தது. அதற்குள் ஊசி போட்டுக்கொள்வதைக் கண்டும் காணாமல் விட்டோம். உள்ளே போகிறவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நாங்களாக ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம். பாட்டு நின்றால் போதை மிஞ்சி மூச்சு அடங்குகிறது என்று அர்த்தம்; உடனே கதவைத் திறந்து மாற்று மருந்து போட வேண்டும். சாவி என்னிடம் இருக்கும்.

அங்கே வருபவர்களில் உதயசூரியன் என்பவனுக்குப் பலமுறை போட்டிருக்கிறேன். அந்த மருந்து மூச்சைத் திருப்பிக் கொடுக்கும்; போதையை ஒரேயடியாக இறக்கிவிடும். கண் விழித்ததும் கத்துவான்.

"யாரு உன்னய எழுப்பச் சொன்னது, சயாமா? சொகமா கெடந்தேன். வாயத் தொறந்து பதில் சொல்லேன். ஊமச் சயாமா!"

சயாமா என்றால் பர்மிய மொழியில் டீச்சரம்மா. எல்லோரும் சிரிப்பார்கள். நான் அவன் வாந்தியைத் துடைப்பேன். மறுநாள் மறுபடி வருவான்.

அவனுடைய அம்மா விஜயகுமாரியும் ரயிலில் கூடவே வருவார். அவருக்குக் காது மந்தம்; காதோரம் போய்ச் சொன்னால்தான் கேட்கும். குளியலறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மருந்து எப்போதும் பற்றாக்குறை. பிழைக்க நினைப்பவர்களுக்கு அல்லவா அது போக வேண்டும்? கோபத்தில் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொல்கிறேன்.

அன்று காலை அவன் பாட்டு பாதியில் நின்றது. நான் எழுந்து கதவருகே போய் நின்றேன்.

"பாடுறானா, தாயி?" என்றார் விஜயகுமாரி.

குனிந்து அவர் காதோரம் சொன்னேன். "பாடுறான், அத்தை."

"என்ன பாட்டு?"

"அம்மாவப் பத்தின பாட்டு."

"அந்தப் பயலா? பொய் சொல்லாத." அவர் வாய் பொத்திச் சிரித்தார். மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து எனக்கு ஒரு பருப்பு வடை கொடுத்தார். "நீ இருக்கப் போயித்தான் எனக்கு உசுரு நிக்குது. சாப்புடு."

சாப்பிட்டேன். அவரை எழுந்திருக்க விடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். பாவம், எத்தனை வருட அலைச்சல். அவரும் கொஞ்சம் ஓய்வாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

புதுப் பெட்டி முந்தின நாளே வந்திருந்ததே என்று கேட்கிறீர்கள். வந்திருந்தது. மருந்தை எடுத்து அலமாரியில் அடுக்கியதே நான்தான்.

பிறகு கையைக் கழுவிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். அவன் உதடு நீலமாகியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, "ஏதாவது சொல்லு" என்றேன்.

இந்த முறை அவன் என்னைத் திட்டவில்லை.