காலிக் குழலின் சத்தம்

மழை வருவதற்கு முன்பே எனக்கு இடுப்பு வலிக்கத் தொடங்கிவிடும். இன்றும் வலிக்கிறது. சாயங்காலத்துக்குள் பெய்யும் பாருங்கள். அதனால் உட்கார்ந்தபடியே சொல்கிறேன் பெரியவரே, தப்பாக நினைக்க வேண்டாம்.

இந்த வலி கீழ்வயலில் வந்தது. எங்கள் மலையில் தண்ணீர் நிற்கும் நிலம் யாருக்கும் கிடையாது. எல்லாரும் காட்டை எரித்துச் சரிவில் விதைப்பவர்கள். நான் ஓடையை மறித்துக் கால்வாய் வெட்டினேன். பாறை குறுக்கே வந்தால் விறகடுக்கிச் சுட்டேன், சூட்டோடு தண்ணீர் ஊற்றிப் பிளந்தேன், துண்டுகளை முதுகில் சுமந்து வரப்பு கட்டினேன். பல வருஷம் ஆயிற்று. கடைசி இரண்டு வருஷம்தான் நெல் விளைந்தது.

நீங்கள் கேட்டது அண்ணனைப் பற்றி. அவன் மகள் பா கூ சோறு தொடுவதில்லை என்று உங்களைக் கூப்பிட்டோம். நீங்கள் முகத்தை மூடி, மணி குலுக்கி, பெஞ்சையே குதிரையாக ஏறி ஆவிகளின் உலகத்துக்குப் போய் வந்தீர்கள். செத்த தகப்பன் போக வேண்டிய வழியில் போகாமல் பாதியில் நிற்கிறான், ஏதோ கனம் அவனைப் பிடித்து வைத்திருக்கிறது என்றீர்கள். பிணத்தைக் குளிப்பாட்டியது யார் என்று கேட்டீர்கள். நான்தான். அவனுக்கு ஆண் பிள்ளை இல்லை.

அண்ணன் ஸா தெங் சின்ன வயசிலேயே ஊரை விட்டுப் போய்ப் போன்சவான் டவுனில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அப்பா இறந்த பிறகு குடும்பத்தோடு ஊருக்கு வந்தான். குலத்துப் பெரியவர்கள் கூடினார்கள். கீழ்வயல் அப்பா பேரில் இருந்தது, ஆகவே மூத்தவனுக்கு என்றார்கள். அடுப்புக்கு மேலே தொங்கிய அப்பாவின் துப்பாக்கியும் அவனுக்கே. மறுநாள் அவனுக்காக நான்தான் ஏர் பிடித்தேன். அவனுக்கு எருமையைத் திருப்பக்கூடத் தெரியாது.

அண்ணன் கெட்டவன் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

புது அரிசி விருந்தில் பன்றிக்கறியும் கடுகுக்கீரையும் வைத்துச் சோளச் சாராயம் சுற்றி வந்தது. பக்கத்து வீட்டு யோங் அவனைச் சீண்டினான்.

"என்னப்பா ஸா தெங், வயல்ல காட்டுப்பன்றி எறங்குச்சுன்னா லாரி ஹாரன் அடிச்சு வெரட்டுவியா?"

"அடிப்பேன்டா. உன் சம்சாரம் பாட்டுக்கு ஓடாத பன்றிகூட அதுக்கு ஓடும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது, "லெங், அப்பா துப்பாக்கிய எனக்குப் பழக்கிக் குடுடா. இவனுங்க வாய அடைக்கணும்" என்றான்.

பழக்கிக் கொடுத்தேன். அது வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி. ஆள் உயரக் குழல். உள்ளே துரு தின்றிருந்தது, ஆனாலும் ஒற்றை அளவு மருந்தைத் தாங்கும். ஓடைக்கரையில் வைத்துச் சொன்னேன்.

"மொதல்ல மருந்து. மூங்கில் குப்பியில தலை தட்டி ஒரே ஒரு தடவை. அப்புறம் அடைக்க நார். கோலை விட்டு இடி. மேல ஈயக் குண்டு. மறுபடி நார், மறுபடி இடி. தட்டுனா நெருப்பு விடற பொட்டு கடைசியிலதான்."

"பொட்டை மொதல்லயே வெச்சா?"

"அண்ணி வேற மாப்பிள்ளை பாக்கணும்."

"அதுக்குத்தான் நீ இருக்கியேடா" என்று என் முதுகில் தட்டினான். எங்களில் அண்ணன் போனால் தம்பி பொறுப்பு, அந்த வழக்கத்தைச் சொன்னான்.

முதல் வெடிக்கு உதை வாங்கிச் சேற்றில் உட்கார்ந்தான். முகமெல்லாம் கரி. புகை கலைவதற்குள் எழுந்து, "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்றான். குழந்தை மாதிரி. பொட்டு வெடித்தும் மருந்து பற்றாவிட்டால் குழலைக் கீழே திருப்பாதே என்றேன். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ஈரத்துணி விட்டுத் துடை என்றேன். கெட்டித்து மாட்டி வைத்தால் மருந்து ஈரம் இழுக்கும், அதனால் காலியாக மாட்டு, வயலுக்குப் போய்ப் புதிதாகக் கெட்டி என்றேன். இதெல்லாம் சரியான பாடம்தான். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. கெட்டிக்கும் முன் வெறும் கோலைக் குழலுக்குள் போட்டுப் பார்க்க வேண்டும். காலியாக இருந்தால் அடி இரும்பில் பட்டு ணங்கென்று கேட்கும், கோலின் நுனி குழல் வாயோடு நிற்கும். உள்ளே மருந்து இருந்தால் சத்தம் அமுங்கிவிடும், கோல் ஒரு சாண் வெளியே துருத்தும். எங்களில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

அப்படித்தான் முதலில் எனக்கே சொல்லிக்கொண்டேன். தெரிந்திருக்கவில்லை. பாடம் நடந்த அன்றே அது எனக்குத் தெரியும்.

பன்றி கீழ்வயலில் இறங்கிய வாரம், அண்ணனும் அண்ணியும் சந்தைக்குப் போயிருந்தபோது அவன் வீட்டுக்குப் போனேன். துப்பாக்கியை இறக்கிக் கெட்டித்தேன். வீட்டில் துப்பாக்கி தயாராக இருப்பது நல்லதுதானே. பிறகு அதன் மேலேயே இன்னொரு முறை கெட்டித்தேன். இரண்டு முறையும் குப்பியைத் தலை தட்டவில்லை, குவித்தே போட்டேன். பொட்டு வைக்கவில்லை. துடைத்து, இருந்த இடத்திலேயே மாட்டினேன். பா கூ வாசலில் சோளக்கதிர் உரித்துக்கொண்டிருந்தாள். "சித்தப்பா, சாப்டு போங்க" என்றாள். சாப்பிட்டேன்.

மறுநாள் காலை அவன் வயலுக்குப் போனான். நான் மேலே சோளக்கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் தெரியும். நான் சொல்லிக் கொடுத்தபடியே செய்தான். மருந்து, நார், குண்டு, நார். கோல் அவ்வளவு வெளியே நிற்பதைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு இடி பலமாக இடித்தான். அவ்வளவுதான் அவனுக்குத் தோன்றியது. கூப்பிட்டால் கேட்கும் தூரம். நான் கூப்பிடவில்லை. அந்த வரிசைக் களை முடியவில்லை.

சாவு சேதி சொல்ல வானத்தைப் பார்த்து மூன்று வெடி போட வேண்டும். யோங்கின் துப்பாக்கியை வாங்கி நானே போட்டேன். ஒவ்வொரு முறையும் கெட்டிக்கும் முன் கோலைப் போட்டுப் பார்த்தேன். ணங்கென்றுதான் கேட்டது.

செத்தவனோடு இரும்பு போகக் கூடாது என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போனால் அவன் வழி நடக்க முடியாது, மறுபடி பிறக்க முடியாது. சட்டைப் பொத்தானை அறுக்கிறோம், பெட்டிக்கு ஆணிக்குப் பதில் மூங்கில் முளை அடிக்கிறோம். குழல் வெடித்த சில்லுகள் அவன் முகத்திலும் கழுத்திலும் தோளிலும் இருந்தன. வெந்நீர் வைத்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். அண்ணி கிண்ணம் பிடித்தாள். பொறுமையாகச் செய்தேன், அவனுக்கு வலிக்குமோ என்பது போல. பிணத்தை எடுக்கும் முன் பெரியவர்கள் வழக்கப்படி கேட்டார்கள்: இவன் யாருக்காவது கடன்பட்டானா, இவனுக்கு யாராவது கடனா. இல்லை என்றேன்.

பிறகு அண்ணியும் பிள்ளையும் என் பொறுப்பில் வந்தார்கள். கீழ்வயலும் கூடவே வந்தது. நான் கேட்கவில்லை.

அண்ணன் சாகும்போதே என் மனைவி உண்டாகியிருந்தாள், இப்போது நிறைமாதம். எங்களில் செத்தவன் சொந்தக் குலத்திலேயே திரும்பப் பிறப்பான். தடையில்லாமல் போனால் என் வீட்டிலேயே பிறப்பான், மூத்த ஆண் பிள்ளையாக. வயலை மறுபடியும் அவனுக்கே கொடுக்க வேண்டிவரும். பாறை சுமந்தவன் நான், பெரியவரே. அதனால்தான் குளிப்பாட்டும்போது பிடரியில் விரலுக்குத் தட்டுப்பட்ட ஒரு சில்லை எடுக்காமல் விட்டேன். நகத்தளவுதான் இருக்கும். அண்ணி, "முடிஞ்சுதா?" என்று கேட்டாள். முடிந்தது என்றேன்.

குழியைத் தோண்டச் சொல்வீர்கள், தெரியும். தோண்டலாம். நடவு முடியட்டும், இப்போது ஆள் கிடைக்காது. மற்றபடி எனக்கும் அண்ணனுக்கும் எல்லாம் தீர்ந்துவிட்டது. நான் அவனுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி அந்த ஒரு துண்டு இரும்பு மட்டும்தான்.