பதினோராவது டேக்

டப்பிங் வசனம் எழுதுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, இன்ஸ்பெக்டர் மேடம். திரையில் வாய் மூடும் இடத்தில் ஒரு ப, ஒரு ம வந்து விழுந்தால் போதும். இருபது வருடமாக சேலையூரில் ஒரு சின்ன அறையில் இதுதான் என் பிழைப்பு. விமானம் தலைக்கு மேல் போனால் மைக்கை நிறுத்திவிட்டு டீ குடிப்போம்.

என் மகள் ஜெரூஷா ஜூன் மாதம் மறைமலை நகரிலிருந்து ஒரு பையோடு வந்து நின்றாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. மாப்பிள்ளை ஆல்வின் என்ன செய்தான் என்று நான் தோண்டித் துருவவில்லை. சும்மா உட்கார்ந்து அழ வேண்டாமே என்று, அப்போது கையில் இருந்த ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடரில் ஓர் அடிமைப் பெண்ணுக்குக் குரல் கொடுக்கச் சொன்னேன்.

அது ஒரு மாயாஜால நாவலிலிருந்து எடுத்தது. வீரன் ஒரு பெண்ணை விலைக்கு வாங்குகிறான். சொல்லை மீறினால் அவள் கழுத்து வளையம் இறுகும். ஜெரூஷா நாவலை முழுக்கப் படித்திருந்தாள். அதில் வளையம் கழன்றதும் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாளாம். அனிமேவிலோ மறுநாளே வந்து அவனிடம் மன்னிப்புக் கேட்கிறாள்.

"அவனை நல்லவனாக் காட்டணும்னு இவளைக் கெஞ்ச வெச்சுட்டாங்கப்பா. தமிழ்லயாவது அவளைப் போக விடுங்களேன்" என்றாள்.

அந்தக் காட்சியில் பெண்ணின் முதுகு மட்டும்தான் தெரியும். என்ன வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். ஆனால் மன்னிப்பே கிடைக்காத ஹீரோவை யார் பார்ப்பார்கள்? உள்ளதை உள்ளபடி எழுதினேன். பதினோராவது டேக்கில் அவள் நிஜமாகவே அழுதுவிட்டாள். அதையே ஓகே செய்தேன்.

அவளே மன்னிப்புக் கேட்டால் வந்து கூட்டிப்போவதாக ஆல்வின் போனில் சொன்னான். இவள் முடியவே முடியாது என்றாள். ஞாயிறுதோறும் சபையில், மகள் இன்னுமா இங்கே இருக்கிறாள் என்று கேட்டுக் கேட்டு உயிரை எடுத்தார்கள். நான் அங்கே கமிட்டி மெம்பர். வெளியே தலைகாட்ட முடியவில்லை.

ஒருநாள் அவள் குளிக்கப் போனபோது, அவள் போனை என் கணினியின் ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்து, அந்தப் பதினோராவது டேக்கை ஓடவிட்டுப் பதிந்து ஆல்வினுக்கு அனுப்பினேன். "நான் போனது தப்பு. எனக்கு வேற வீடு இல்ல. என்னைக் கூட்டிட்டுப் போங்க." பிறகு அவள் போனிலிருந்து அதை அழித்துவிட்டேன்.

சனிக்கிழமை அவன் சபைப் பெரியவர்களோடு வந்து அதைப் போட்டுக் காட்டினான். ஜெரூஷா பதறவில்லை. "இது நான் டப்பிங்ல பேசினது. எங்கப்பாவைக் கேளுங்க" என்றாள். என்னை அவ்வளவு நம்பினாள், மேடம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீதானேம்மா அனுப்பின" என்றேன்.

அவள் பையைத் தானே தூக்கிக்கொண்டு காரில் ஏறினாள். பத்தொன்பதாம் நாள் பிணவறைக்கு வரச் சொன்னார்கள். துணியை விலக்கிப் பார்த்து, என் மகள்தான் என்று கையெழுத்துப் போட்டேன்.

"தானே ஆசைப்பட்டுக் கூப்பிட்டவளை நான் ஏன் கொல்லப்போறேன்" என்று சொல்லி, ஆல்வின் அந்தக் குரல்பதிவைத்தான் உங்களிடம் கொடுத்திருக்கிறான். அதனால்தான் வந்தேன். அது அவள் அனுப்பியது இல்லை. நான் செய்தது. எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் பொய்யாக ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை, மேடம். வசனத்தின் தொடக்கத்தில் "எஜமானே" என்று இருந்தது. அதை மட்டும் வெட்டினேன். என் பெண்ணுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?