பன்னிரண்டாம் வாரத்துப் புதன்கிழமை

உறையும் குருதியின் உள்ளம் உணர்ந்தவரே, ஊசி குத்தினும் உறுத்தாத கரத்தவரே, முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்கள் ஆய்வுக்கூடத்தின் மூத்த நுட்புநராக இருந்தும், ஒருமுறைகூடப் பிறந்தநாள் கேக் வெட்ட அகப்படாமல் இன்று ஓய்வு பெறும் அக்காவே, வணக்கம்.

தங்கள் பெருமையைப் பேசப் புகுந்தால், பக்கவாதம் கண்ட இளையவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும். முப்பது வயதில் ஒருவருக்குக் கை விழுந்தால், குடியா, கவலையா, காதலா என்று கதை கட்டியவர்கள் நாங்கள். தாங்களோ குழாயைப் பார்த்தீர்கள். சோதனைக் குழாயில் உறையத் தாமதித்த இரத்தத்தை, மாதிரி கெட்டுவிட்டதென்று நாங்கள் கொட்டப் போனபோது, "கொட்டாதீங்கப்பா, இது குழாயில சோம்பேறி, உடம்புக்குள்ள அவசரக்குடுக்கை" என்று தடுத்தீர்கள். காக்க வேண்டிய உடலே உண்டாக்கி, கண்ட இடத்தில் இரத்தத்தை உறையவைக்கும் எதிர்ப்பொருளை அப்படித்தான் அறிந்தோம்.

அது காய்ச்சலுக்குப் பின் எட்டிப் பார்த்துப் போகும் விருந்தாளியா, குடியேறிவிட்ட வில்லங்கமா என்றறிய, பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். வீடு திரும்பியவர்கள் மறந்தார்கள், தாங்கள் மறக்கவில்லை. சுவர் நாட்காட்டியில் வட்டமிட்டு, ஒவ்வொருவரையும் தொலைபேசியில் துரத்திப் பிடித்தீர்கள்.

தங்கள் கைப்பேசியை எட்டிப் பார்த்தது எங்கள் குற்றமே. அழைத்த எண்கள் அத்தனையும் நோயாளிகளுடையவை. தங்களைத் தேடி வந்த அழைப்பு ஒன்றுகூட இல்லை. சுழலும் இயந்திரத்தின் இரைச்சலைத் துணைக்கு வைத்துத் தாங்கள் தனியே சாப்பிட்டதையும், விடுப்பு நாளிலும் வந்து வட்டங்களைப் பார்த்துப் போனதையும் கேலி பேசிய வாய்கள்தாம் இதை வாசிக்கின்றன.

நாட்காட்டியின் கடைசி வட்டம், கத்தரிக்கோல் பிடித்த கை வலுவிழந்து வந்த தையற்காரப் பெண்ணுடையது. வயது இருபத்தாறு. வராமல் விட்டால், அடுத்த இரத்தக்கட்டி எங்கே அடைக்குமோ யாரறிவார். அவருடைய பன்னிரண்டாம் வாரம், தாங்கள் ஓய்வு பெற்ற ஒன்பதாம் நாளான புதன்கிழமை முடிகிறது. நேற்று அவர் தாயார் அழைத்தார்: "அந்த அக்கா இருந்தாத்தான் வருவேன்னு அடம் பிடிக்கிறா. இருப்பாங்கல்ல?"

இருப்பாங்க என்று சொல்லிவிட்டோம். தங்களைக் கேட்காமலே.

நோயின்றி நெடுநாள் நிறைவாக வாழ நெஞ்சார வாழ்த்துகிறோம். அதற்கிடையே, அந்தப் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்துவிடுங்கள். அதுவரை தங்கள் நாற்காலியில் யாரையும் உட்காரவிட மாட்டோம்.

அன்புடன்,
இரத்தப் பரிசோதனைக்கூடப் பணியாளர்கள்